நாக்கிலும் நரம்பு உண்டு!

“நாக்கில் நரம்பு இல்லாமல் பேசாதே!”

வாய்க்கு வந்தபடி பேசுகிறவர்களை வீட்டில் பெரியவர்கள் இப்படித்தான் திட்டுவார்கள். எலும்பு இல்லாத நாக்கு எப்படி வேண்டுமானாலும் புரளும் என்றும் சொல்வது உண்டு.

நாக்கில் எலும்பு இல்லை. அது உண்மை. ஆனால் நரம்பு உண்டு. நிறையவே உண்டு!

மூளையில் இருந்து தலைக்கும் கழுத்துக்கும் நேராக வரும் நரம்புகள் 12 ஜோடி. அவற்றில் 5 ஜோடி நாக்கைத் தேடி வருகின்றன. கை விரலுக்கோ, கால் விரலுக்கோ இந்த மரியாதை கிடையாது.

இந்த ஐந்தில், நாக்கை ஆட்டி வைக்கும் வேலை அனேகமாக ஒரே ஜோடியிடம்தான் இருக்கிறது. அது 12-வது ஜோடி. கடைசி ஜோடி.

அந்த நரம்பு கெட்டால் நாக்கு கோணும். பேச்சு குழறும். வாயில் போட்ட சோறு வாயிலேயே நிற்கும். அப்படி ஒரு நரம்பு இருப்பதே, அது கெட்ட பிறகுதான் பலருக்குத் தெரிய வருகிறது.

காளை முட்டியது, நாக்கு நின்றது!

ஸ்பெயின் நாட்டில் காளைச் சண்டை பெயர் பெற்றது. அது நம் ஊர் ஜல்லிக்கட்டைப் போலக் காளையைத் தழுவும் விளையாட்டு அல்ல. கத்தியோடு நிற்கும் வீரனுக்கும் காளைக்கும் நடக்கும் சண்டை. பெரும்பாலும் காளைதான் சாகும். சில சமயம் வீரன் குத்துப்படுவான்.

1904-ம் ஆண்டு வாக்கில் அப்படி ஒரு வீரர் குத்துப்பட்டார். காளையின் கொம்பு அவருடைய கழுத்தைத் தாக்கியது. அதன் பிறகு அவருடைய நாக்கில் ஒரு பாதி அசையவில்லை. குரலும் கம்மிவிட்டது.

அவரைச் சோதித்தவர், டாக்டர் அன்டோனியோ கார்சியா தாப்பியா. காது, மூக்கு, தொண்டை நிபுணர்.

குத்துப்பட்டது கழுத்து. நின்று போனது நாக்கு. இது எப்படி?

நாக்கை அசைக்கும் 12-வது நரம்பும், குரல் நாணை அசைக்கும் 10-வது நரம்பும் கழுத்தில் ஓரிடத்தில் அடுத்தடுத்துப் போகின்றன. ஒரே அடியில் இரண்டும் கெட்டன. அதனால் நாக்கும் போயிற்று, குரலும் போயிற்று.

ஒரே பக்கத்தில் நாக்கும் குரல் நாணும் சேர்ந்து செயல் இழந்தால், அதற்கு இன்றும் தாப்பியாவின் பெயரைத்தான் டாக்டர்கள் சொல்கிறார்கள். ஆனால் இப்போது அதற்குக் காளை வேண்டியதில்லை. பெரிய ஆபரேஷன்களில் மயக்க மருந்து கொடுத்து, மூச்சுக்காகத் தொண்டைக்குள் குழாய் செலுத்துகிறார்கள். அந்தக் குழாய் அழுத்துவதாலோ, கழுத்து வெகு நேரம் ஒரே பக்கம் திரும்பி இருப்பதாலோ, மிக அரிதாக இது வருகிறது. பலருக்குச் சில மாதங்களில் குணம் தெரியும்.

பிடரியில் பிறக்கிறது

இந்த 12-வது நரம்புக்கு ஆங்கில வைத்தியத்தில் ‘ஹைப்போகுளோசல்’ என்று பெயர். கிரேக்கச் சொல். ‘நாக்குக்குக் கீழே’ என்று அர்த்தம். தமிழில் ‘நாவடி நரம்பு’ என்கிறார்கள்.

சுமார் 1,800 ஆண்டுகளுக்கு முன்பே கேலன் என்ற கிரேக்க வைத்தியர் இந்த நரம்பைக் கண்டார். மூளை நரம்புகள் மொத்தம் 7 ஜோடிதான் என்பது அவர் போட்ட கணக்கு. வெகு காலம் உலகம் அதை நம்பியது. 1778-ம் ஆண்டில், சோமரிங் என்ற 23 வயது ஜெர்மன் மாணவர் தம்முடைய ஆராய்ச்சிக் கட்டுரையில் 12 ஜோடி என்று வரிசைப்படுத்தினார். அந்த வரிசைதான் இன்றைக்கும் பாடப் புத்தகங்களில் இருக்கிறது.

நாவடி நரம்பு நாக்கில் பிறப்பது இல்லை. பிடரிக்கு உள்ளே, மூளையும் முதுகுத் தண்டும் சேரும் இடத்தில் ‘முகுளம்’ என்று ஒரு பகுதி இருக்கிறது. அங்கேதான் பிறக்கிறது. வலது புறம் ஒன்று, இடது புறம் ஒன்று.

மண்டை ஓட்டின் அடியில் இதற்கென்றே ஒரு சிறு துவாரம் உண்டு. அதன் வழியே வெளியே வருகிறது. மூளைக்கு ரத்தம் கொண்டு போகும் பெரிய குழாயை ஒட்டிக் கழுத்தில் இறங்குகிறது. பிறகு தாடைக்குக் கீழே வளைந்து, மேலே ஏறி, நாக்குக்குள் நுழைந்து, கிளை கிளையாகப் பிரிகிறது.

பிடரியில் பிறந்து, கழுத்தைச் சுற்றி, நாக்குக்கு வருகிறது. தலையைச் சுற்றி மூக்கைத் தொடுவது என்பார்களே, அந்தக் கதைதான்! இந்த வழியில் எங்கே அடிபட்டாலும் நாக்கு நின்றுவிடும்.

வண்டி மாடுகள்

நாக்கு ஒரே சதைத் துண்டு போலத் தெரிகிறது. உண்மையில் அது இரண்டு பாதி. ஒவ்வொரு பாதியிலும் 8 தசைகள் இருக்கின்றன. அதில் 7 தசைகள் நாவடி நரம்பின் கட்டளைக்கு உட்பட்டவை. ஒன்று மட்டும் 10-வது நரம்பைச் சேர்ந்தது.

எட்டில் பெரியது, மோவாய் எலும்பின் உட்புறத்தில் தொடங்கி விசிறி போல நாக்குக்குள் விரியும் தசை. நாக்கை வெளியே நீட்டுவது இந்தத் தசையின் வேலை. வலது பாதியில் ஒன்று, இடது பாதியில் ஒன்று.

இரட்டை மாட்டு வண்டியைப் பார்த்திருப்பீர்கள். இரண்டு மாடுகளும் சமமாக இழுத்தால் வண்டி நேரே போகும். இடது மாடு கால் நொண்டினால்? வலது மாடு முன்னே போய்விடும். வண்டி இடது பக்கம் திரும்பும்.

நாக்கும் அப்படித்தான். இடது நரம்பு கெட்டால் இடது தசை சோர்ந்துவிடும். வலது தசை மட்டும் தள்ளும். நாக்கை நீட்டினால் அதன் நுனி இடது பக்கம் கோணும். கெட்ட பக்கம் எதுவோ, அந்தப் பக்கத்தையே நாக்கு சுட்டிக் காட்டும்!

“நாக்கை நீட்டுங்கள்” என்று டாக்டர் சொல்வது இதற்காகவும்தான். நாக்கில் வெள்ளை படிந்திருக்கிறதா என்று பார்க்க மட்டும் அல்ல.

இன்னொரு சோதனையும் உண்டு. நாக்கால் கன்னத்தை உள்ளே இருந்து அழுத்தச் சொல்வார். வெளியே தம்முடைய விரலை வைத்துத் தடுத்துப் பார்ப்பார். இடது நரம்பு கெட்டவரால் வலது கன்னத்தை அழுத்த முடியாது. இடது கன்னத்தை நன்றாக அழுத்துவார்.

இதில் கண் ஏமாறும் இடம் ஒன்று இருக்கிறது. முகவாதம் வந்தவர்களுக்கு வாய் ஒரு பக்கம் இழுத்துக் கொள்ளும். அவர்கள் நாக்கை நீட்டினால், நாக்கும் கோணியது போலத் தோன்றும். கோணியது வாய்தான், நாக்கு அல்ல. அதனால்தான் டாக்டர்கள் உதட்டை வைத்து அளப்பது இல்லை. உதட்டின் ஓரத்தைத் தூக்கிப் பிடித்து, மூக்கு நுனிக்கும் முன் பல்லுக்கும் நேராக நாக்கு வருகிறதா என்று பார்க்கிறார்கள்.

ருசி போகாது!

நாக்கு செத்துப் போய்விட்டால் ருசியும் போய்விடும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி அல்ல.

நாக்கின் முன் பகுதியில் ருசியைக் கொண்டு போவது 7-வது நரம்பு. அதே இடத்தில் சூட்டையும், தொடு உணர்ச்சியையும் கொண்டு போவது 5-வது நரம்பு. பின் பகுதியில் இரண்டு வேலையையும் 9-வது நரம்பு பார்க்கிறது. அடி நாக்கின் ஓர் ஓரத்துக்கு 10-வது நரம்பும் வருகிறது.

ஆகவே 12-வது நரம்பு மட்டும் கெட்டவருக்குப் பாயசம் இனிக்கும். மிளகாய் உறைக்கும். காப்பி சுட்டால் சுரீர் என்று தெரியும். ஆனால் வாயில் இருக்கும் கவளத்தைப் புரட்டிக் கடைவாய்க்குத் தள்ள முடியாது. வலுவில்லாத பக்கத்தில் சோறு பல்லுக்கும் கன்னத்துக்கும் நடுவே ஒதுங்கிக் கிடக்கும். சாப்பிட்டு ஒரு மணி நேரம் ஆன பிறகும் கிடக்கும்.

மூளையில் அடைப்பு வந்தால்...

நரம்பு நன்றாக இருக்கும். நாக்கும் நன்றாக இருக்கும். ஆனாலும் நாக்கு கோணும்! ஏன்?

கட்டளை போடும் அதிகாரி மூளையில் இருக்கிறார். நரம்பு, கட்டளையைக் கொண்டு போகும் சேவகன் மாதிரி. அதிகாரிக்கே ஆபத்து வந்தால் சேவகன் என்ன செய்வான்?

மூளையில் ரத்தக் குழாய் அடைத்துக் கொண்டாலோ, வெடித்தாலோ வருவது பக்கவாதம். மூளையின் இடது பாதி, உடம்பின் வலது பாதியை ஆள்கிறது. வலது பாதி, இடது பாதியை ஆள்கிறது. எனவே மூளையின் இடது பக்கம் கெட்டால் வலது கையும் வலது காலும் விழுந்துவிடும். நாக்கை நீட்டினால், அதுவும் வலது பக்கம் கோணும்.

அடைப்பு முகுளத்தில் வந்தால் கதை வேறு. அங்கேதான் நாவடி நரம்பு பிறக்கிறது. கைகால்களுக்குப் போகும் கட்டளை அந்த இடத்தைத் தாண்டிய பிறகுதான் பக்கம் மாறுகிறது. ஆகவே முகுளத்தின் இடது பக்கம் கெட்டால் நாக்கு இடது பக்கம் கோணும். கையும் காலும் வலது பக்கம் விழும்! இதற்கு டெஜெரின் என்ற பிரெஞ்சு டாக்டரின் பெயரை வைத்திருக்கிறார்கள்.

நாக்கு எந்தப் பக்கம்? கை எந்தப் பக்கம்? இந்த இரண்டையும் பார்த்தே மூளையில் எந்த இடம் கெட்டிருக்கிறது என்று சொல்லிவிடும் டாக்டர்கள் உண்டு. தலைக்குள் படம் பிடிக்கும் ‘ஸ்கேன்’ இயந்திரம் வருவதற்கு முன்பு, பல காலம் இதுதான் வழியாக இருந்தது.

நரம்பு கெட்ட நாக்கையும், மூளை கெட்ட நாக்கையும் பிரித்துக் காட்ட இன்னோர் அடையாளமும் இருக்கிறது. நரம்பே கெட்டுவிட்டால், நாளடைவில் அந்தப் பாதி நாக்கு சூம்பிப் போகும். வற்றிய குளத்தின் தரை போலச் சுருக்கம் விழும். துணிக்கு அடியில் புழு நெளிவதைப் போல, உள்ளே சதை துடிக்கும். மூளையில் வரும் பக்கவாதத்தில் நாக்கு இப்படிச் சூம்புவது இல்லை.

இதைப் படித்தவுடன் கண்ணாடியின் முன்னால் நாக்கை நீட்டிப் பார்த்து, “ஐயோ, துடிக்கிறதே!” என்று பயப்பட வேண்டாம். நீட்டிய நாக்கு யாருக்கும் கொஞ்சம் நடுங்கத்தான் செய்யும். அதனால்தான் டாக்டர்கள், நாக்கு வாய்க்குள் சும்மா கிடக்கும்போது துடிக்கிறதா என்று பார்க்கிறார்கள்.

குடிகாரன் என்ற பழி

நாக்கு தடுமாறினால் எந்த எழுத்துகள் கெடும்?

‘அம்மா’, ‘அப்பா’ கெடாது. ‘ம’, ‘ப’ இரண்டும் உதட்டில் பிறக்கும் எழுத்துகள். ‘த’, ‘ல’, ‘ட’, ‘ர’ எல்லாம் நாக்கு தொட்டால்தான் வரும். ‘ழ’ வருவதற்கு நாக்கு நன்றாக மேலே வளைய வேண்டும். எந்த எழுத்துக்கு நாக்கு எங்கே போக வேண்டும் என்று தொல்காப்பியத்தில் ஓர் இயலே இருக்கிறது. பிறப்பியல் என்று அதற்குப் பெயர்.

ஒரு பக்க நரம்பு மட்டும் மெல்ல மெல்லக் கெட்டால், மற்றப் பக்கம் ஈடு கொடுத்துவிடும். பேச்சில் வித்தியாசம் அவ்வளவாகத் தெரியாது. திடீர் என்று கெட்டால்தான் குழறும். ‘வாழைப்பழம்’ என்று சொல்ல முயன்றால், வாயில் கொழுக்கட்டையை வைத்துக் கொண்டு பேசுவது போல இருக்கும்.

இங்கேதான் ஆபத்து இருக்கிறது.

தெருவில் ஒருவர் தள்ளாடுகிறார். பேச்சு குழறுகிறது. பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்? “குடித்துவிட்டு உளறுகிறான்” என்று விலகிப் போவார்கள். வீட்டில் உள்ளவர்களே, “தூங்கி எழுந்தால் தெளிந்துவிடும்” என்று பாயை விரித்துப் படுக்க வைத்துவிடுவதும் உண்டு.

அவருக்கு வந்தது பக்கவாதமாக இருந்தால், அந்தத் தூக்கத்துக்கு விலை அதிகம். மூளையில் அடைத்த ரத்தக் கட்டியைக் கரைக்க ஊசி மருந்து இருக்கிறது. வழக்கமாக, நோய் கண்ட நாலரை மணி நேரத்துக்குள் அதைப் போட வேண்டும். ஸ்கேன் எடுத்து, மூளையில் ரத்தக் கசிவு இல்லை என்று உறுதி செய்த பிறகே போடுவார்கள். அதற்கும் நேரம் வேண்டும். எனவே வீட்டில் வீணாகும் ஒவ்வொரு நிமிடமும் அந்த நாலரை மணி நேரத்தில் கழிந்து போகிறது.

முகம் ஒரு பக்கம் தொங்குகிறதா? இரண்டு கைகளையும் தூக்கினால் ஒன்று கீழே இறங்குகிறதா? பேச்சு குழறுகிறதா? இந்த மூன்றில் ஒன்று திடீர் என்று வந்தாலும் 108-க்குப் போன் செய்ய வேண்டும். எத்தனை மணிக்குத் தொடங்கியது என்று குறித்து வைத்துக் கொள்ள வேண்டும். டாக்டர் கேட்கும் முதல் கேள்விகளில் அது ஒன்று.

நாக்கு நேராக வருகிறதே என்று சும்மா இருந்துவிடவும் கூடாது. பக்கவாதம் வந்தவர்கள் எல்லோருக்கும் நாக்கு கோணுவது இல்லை.

ஹாலிவுட் நடிகர் கிர்க் டக்ளஸ் பெயர் சினிமா ரசிகர்களுக்குத் தெரிந்திருக்கும். ‘ஸ்பார்ட்டகஸ்’ படத்தில் அடிமை வீரனாக நடித்தவர். 1996-ம் ஆண்டு ஜனவரி மாதம், 79-வது வயதில் அவருக்குப் பக்கவாதம் வந்தது. பேச்சு கெட்டது. வசனம் பேசிப் பிழைத்தவருக்கு இதைவிட வேறு என்ன கொடுமை வேண்டும்? அதே ஆண்டு மார்ச் மாதம் அவருக்குக் கௌரவ ஆஸ்கார் பரிசு கொடுத்தார்கள். மேடைக்கு வந்தார். குழறிக் குழறித்தான் பேசினார். ஆனாலும் பேசினார். பேச்சுப் பயிற்சியை அவர் விடவில்லை. பிறகு படத்திலும் நடித்தார். 2020-ல், 103-வது வயதில்தான் இறந்தார்.

தண்ணீரே எமன்

யாராவது மயங்கி விழுந்தால் நம் வீடுகளில் முதலில் செய்வது என்ன? வாயில் தண்ணீர் ஊற்றுவது. சிலர் சோடா கொடுப்பார்கள். சிலர் சூடாகக் காப்பி கொடுப்பார்கள். அன்பினால் செய்வதுதான். ஆனால் பக்கவாதம் வந்தவருக்கு இதைப் போலக் கெடுதல் வேறு இல்லை.

தொண்டையில் இரண்டு வழிகள் இருக்கின்றன. ஒன்று இரைப்பைக்கு. மற்றொன்று மூச்சுக்கு. நாக்கு கவளத்தைத் திரட்டி, சரியான நேரத்தில் பின்னால் தள்ளுகிறது. அதே நொடியில் மூச்சு வழி மூடிக் கொள்கிறது. இந்தத் தாளம் தவறினால் தண்ணீர் மூச்சுக் குழாயில் போகும்.

நல்ல உடம்புக்காரருக்கு இப்படி ஆனால் புரை ஏறும். இருமித் துப்பிவிடுவார். “யாரோ நினைக்கிறார்கள்” என்று தலையில் தட்டுவோம். நரம்பு கெட்டவருக்குச் சில சமயம் புரையே ஏறாது. இருமலும் வராது. சத்தம் இல்லாமல் தண்ணீர் நுரையீரலுக்குள் இறங்கும். இரண்டு நாளில் காய்ச்சல், இளைப்பு. அதுதான் நிமோனியா. பக்கவாதத்தில் பிழைத்தவர்களையும் இது கொண்டு போய்விடுவது உண்டு.

ஆகவே, பேச்சு குழறுகிறவருக்கு டாக்டர் சோதித்துப் பார்த்து அனுமதிக்கும் வரையில் தண்ணீர், காப்பி, மாத்திரை எதுவும் வாயில் கொடுக்கக் கூடாது.

பிறகு சாப்பிட அனுமதித்தாலும், பலருக்குத் தண்ணீர் கடைசியில்தான் வரும். கெட்டியான கூழ், மசித்த சாதம் போன்றவை முதலில் வரும். தண்ணீர் வழுக்கிக் கொண்டு ஓடிவிடும். தளர்ந்த நாக்கால் அதைப் பிடித்து நிறுத்த முடியாது. கூழ் மெதுவாகப் போகும். எவ்வளவு கெட்டியாக இருக்கலாம் என்பதை, விழுங்குவதைச் சோதிக்கும் நிபுணர் ஆளுக்கு ஆள் பார்த்துச் சொல்வார்.

அவரை நிமிர்ந்து உட்கார வைத்துத்தான் ஊட்ட வேண்டும். சிறு கரண்டி போதும். ஒரு வாய் இறங்கிய பிறகே அடுத்த வாய். சாப்பிட்டு முடிந்ததும், கன்னத்தில் ஒதுங்கிய சோற்றை எடுத்து வாயைச் சுத்தம் செய்துவிட வேண்டும். உடனே படுக்க வைக்கக் கூடாது. ஊட்டுகிறவருக்குப் பொறுமை வேண்டும். ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு முக்கால் மணி நேரம்கூட ஆகலாம்.

நாக்கு முழுவதும் நின்றால்...

இரண்டு பக்க நரம்பும் ஒன்றாகக் கெடுவது அரிது. கெட்டால் நாக்கு வாயின் தரையில் அப்படியே கிடக்கும். நீட்டவும் முடியாது, மடக்கவும் முடியாது. எச்சிலை விழுங்குவதே கஷ்டம்.

நரம்பு அறுபடாமலேயே இந்த நிலையைக் கொண்டு வரும் எதிரி ஒன்று நம் ஊர்களில் இருக்கிறது. கட்டு விரியன் பாம்பு! தரையில் படுத்துத் தூங்குகிறவர்களை இரவில் கடிக்கும். கடி வலிப்பதுகூட இல்லை. விடியும்போது கண் இமை தொங்கும். பேச்சு குழறும். நாக்கைப் பல்லுக்கு வெளியே நீட்ட முடியாது. நரம்பு, தசைக்குச் செய்தி கொடுக்கும் இடத்தில் விஷம் புகுந்துவிடுவதுதான் காரணம். அடுத்து மூச்சு நிற்கும். கடிவாய் தெரியவில்லையே என்று யோசித்துக் கொண்டிருக்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டிய நேரம் அது.

மெதுவாகக் கோணினால்

திடீர் என்று கோணும் நாக்கு ஒரு ரகம். மாதக் கணக்கில் மெல்ல மெல்லக் கோணும் நாக்கு இன்னொரு ரகம். வலி இருக்காது. பேச்சு ஓரளவு சரியாகவே இருக்கும். பல் துலக்கும்போது தற்செயலாகப் பார்த்தால், நாக்கு ஒரு பக்கம் போகும். ஒரு பாதி மெலிந்திருக்கும்.

இதைத்தான் பலர் அலட்சியம் செய்கிறார்கள். செய்யக் கூடாது.

அமெரிக்காவில் டாக்டர் ஜேம்ஸ் கீன் என்பவர், 12-வது நரம்பு கெட்ட 100 நோயாளிகளைப் பற்றி 1996-ம் ஆண்டில் எழுதினார். அவர்களில் 49 பேருக்குக் காரணம், கட்டி! பெரும்பாலும் புற்றுநோய்க் கட்டி. மண்டை ஓட்டின் அடியிலோ, கழுத்திலோ வளர்ந்து நரம்பை நெருக்கியிருந்தது. துப்பாக்கிக் குண்டு போன்ற காயங்களால் நரம்பு கெட்டவர்கள் 12 பேர். அது அமெரிக்கா!

கழுத்தில் உள்ள பெரிய ரத்தக் குழாயில் அடைப்பு எடுக்கும் ஆபரேஷனிலும் இந்த நரம்பு நசுங்குவது உண்டு. நரம்பு அந்தக் குழாயின் குறுக்கே போவதுதான் காரணம். மூக்குக்குப் பின்னால் வரும் புற்றுநோய்க்குக் கதிர் வைத்தியம் செய்து கொண்டவர்களுக்கு, பல ஆண்டு கழித்துக்கூட நாக்கு சூம்பலாம்.

நரம்பு நசுங்கியிருந்தால் பல சமயம் தானாகவே தேறும். அறுந்திருந்தால் தைக்க வேண்டும். அறுந்த நரம்பு மீண்டும் வளரும். ஆனால் வேகம் நத்தை வேகம். நாள் ஒன்றுக்குச் சுமார் ஒரு மில்லி மீட்டர்! கழுத்தில் அறுந்தது நாக்குக்குப் போய்ச் சேர மாதக் கணக்கில் ஆகும். அது வரையில் நாக்குக்குப் பயிற்சி கொடுக்கப் பேச்சுப் பயிற்சியாளர்கள் இருக்கிறார்கள்.

குறட்டைக்கு மின்சாரம்

நாவடி நரம்பை வைத்து டாக்டர்கள் புது வேலைகளும் செய்கிறார்கள்.

சிலருக்குத் தூக்கத்தில் நாக்கு பின்னால் சரிந்து மூச்சு வழியை அடைத்துவிடும். குறட்டை கிளம்பும். பிறகு மூச்சே நிற்கும். திணறி விழிப்பார்கள். ஒரே இரவில் பல தடவை இப்படி நடக்கும். மார்பில் தோலுக்கு அடியில் ஒரு சிறிய மின்கருவியை வைத்து, அதன் கம்பியை நாவடி நரம்பில் சுற்றிவிடுகிறார்கள். அவர் மூச்சு இழுக்கும்போது கருவி நரம்பைத் தட்டுகிறது. நாக்கு முன்னால் வருகிறது. வழி திறக்கிறது. 2014-ம் ஆண்டில் அமெரிக்க அரசு இந்தக் கருவிக்கு அனுமதி கொடுத்தது. எல்லோருக்கும் இது பொருந்தாது. செலவும் அதிகம்.

இன்னொரு வேலை இதைவிட விந்தை. முகத்தை அசைக்கும் 7-வது நரம்பு அறுந்து போனவர்களுக்கு ஒரு கன்னம் தொங்கிப் போகும். சிரிக்க முடியாது. அவர்களுக்கு நாக்கின் நரம்பை வெட்டி எடுத்து முகத்தின் நரம்போடு ஒட்டலாம் என்று வழி கண்டார்கள். 1901-ம் ஆண்டில் கோர்ட்டே என்ற ஜெர்மன் டாக்டர் இதைச் செய்தார். முகம் அசைந்தது. ஆனால் அந்த முறையில் பாதி நாக்கு சூம்பியது. ஒன்றைக் கொடுத்து ஒன்றை வாங்கிய வியாபாரம்! இப்போது பல இடங்களில் நரம்பு முழுவதையும் வெட்டுவது இல்லை. ஒரு பகுதியை மட்டும் கடன் வாங்குகிறார்கள். நாக்குக்கும் மிச்சம் இருக்கிறது.

ஒட்டிய நரம்பு வளர்ந்து சேரும் வரை அவர்கள் மாதக் கணக்கில் காத்திருக்க வேண்டும். பிறகு கண்ணாடியின் முன்னால் உட்கார்ந்து, நாக்கைப் பல்லோடு அழுத்திப் பார்ப்பார்கள். அசைய வேண்டியது நாக்கு. அசைவது கன்னம்! உதட்டின் ஓரம் மேலே ஏறும். தினமும் அப்படியே பழகுகிறார்கள். பழகப் பழக, நாக்கை நினைக்காமலே சிரிக்கக் கற்றுக் கொண்டவர்களும் இருக்கிறார்கள்.